ஸ்பானிஷ் 'மானோ'வைக் கைவசப்படுத்துவது எப்படி?

ஸ்பானிஷ் பாடப் புத்தகம் எதைத் திறந்தாலும் உடல் உறுப்புகள் வரும் பக்கத்தில் 'மானோ' இருக்கும். பொருள்: கை. பக்கத்தில் ஒரு படம். அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். பிறகு அதே சொல் பெயின்ட் கடையிலும், வாழைப்பழக் கடையிலும், கால்பந்து வர்ணனையிலும், வழி கேட்கும் இடத்திலும் வேறு வேறு முகத்தோடு வந்து நிற்கிறது.

இந்தச் சொல்லைப் பொறுத்தவரை தமிழருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நம்மில் பலர் ஸ்பானிஷை ஆங்கிலப் புத்தகம் வழியாகத்தான் படிக்கிறோம். 'மானோ'வுக்கு மட்டுமாவது ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ்க் 'கை'யிலிருந்து நேராகப் போங்கள். வாக்கிய அமைப்பு அப்படியே பொருந்தும். பொருந்தாத இடங்கள் சில உண்டு. அவற்றையும் கீழே காட்டியிருக்கிறோம்.

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். உங்கள் நோட்டில் அவற்றின் ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒலியும் பாலும்

'மா'வில் அழுத்தம். கடைசி 'னோ'வை இழுக்கக் கூடாது. மனோ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல நீட்டினால் ஸ்பானிஷ் காதுக்குப் பொருந்தாது. 'மா' என்று தட்டி, 'னொ' என்று சட்டென முடியுங்கள்.

அடுத்தது பால். ஸ்பானிஷில் ஓகாரத்தில் முடியும் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். 'மானோ' பெண்பால். ஆகவே 'எல் மானோ' தவறு, 'லா மானோ' சரி. பன்மை 'லாஸ் மானோஸ்'. இதன் தாய்ச்சொல்லான லத்தீன் 'மானுஸ்' பெண்பாலாக இருந்தது. காலப்போக்கில் கடைசி ஒலி மாறியது, பால் மாறவில்லை. 'லா ஃபோத்தோ', 'லா மோத்தோ' இவையும் பெண்பால்தான், ஆனால் அவை நீண்ட பெண்பால் சொற்களின் சுருக்கங்கள். 'மானோ' எதன் சுருக்கமும் இல்லை, முழுச்சொல்.

'லா'வைச் சரியாகச் சொன்ன பிறகும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 'மானோ'வின் ஓகாரம் காதில் நிற்பதால் பின்னால் வரும் பெயரடையை 'தெரேச்சோ' என்று ஆண்பாலில் சொல்லிவிடுவார்கள். 'மானோ தெரேச்சா' (வலது கை), 'மானோ ஃப்ரீயா' (சில்லிட்ட கை), 'மானோஸ் லிம்பியாஸ்' (சுத்தமான கைகள்), 'மானோஸ் சூசியாஸ்' (அழுக்குக் கைகள்) என்று பெயரடையோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். தனிச் சொல்லாகப் படிக்கவே வேண்டாம். 'தெரேச்சா'வில் வருவது 'அது' என்பதில் ஒலிக்கும் நம் 'த' தான். ஆங்கிலப் பழக்கத்தில் 'டெரேச்சா' என்று சொல்லாதீர்கள்.

இரண்டாம் படி: கை எங்கே முடிகிறது?

தமிழர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். தமிழில் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கை. ஸ்பானிஷில் மணிக்கட்டோடு 'மானோ' முடிந்துவிடும். அதற்கு மேலே 'பிராஸோ'. (ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்த 'ஸோ'வை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் வைத்துச் சொல்வார்கள்.) மணிக்கட்டு 'முன்யேக்கா', பொம்மைக்கும் அதே சொல்தான்.

மருத்துவரிடம் போகும்போது இது முக்கியம். முழங்கைக்கு மேலே வலிக்கிறது என்றால் 'மானோ' என்று சொல்லாதீர்கள், அவர் உங்கள் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். 'பிராஸோ' என்று சொல்ல வேண்டும்.

நம் 'கை' 'பிராஸோ'வாக மாறும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பதை 'பிராஸோஸ்' குறுக்கே கிடக்க நிற்பதாகச் சொல்வார்கள். குழந்தையைக் கையில் தூக்கினால் 'என் பிராஸோஸ்'. மெக்ஸிக்கோவில் கைக்குழந்தை 'நின்யோ தெ பிராஸோஸ்'. நாற்காலியின் கையும் 'பிராஸோ'. சட்டைக் கை இரண்டிலும் சேராது, அது 'மாங்கா': முழுக்கைச் சட்டை 'கமீஸா தெ மாங்கா லார்கா', அரைக்கை 'மாங்கா கோர்த்தா'. மாம்பழத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம். இந்த 'மாங்கா' அதே லத்தீன் 'மானுஸ்' குடும்பத்தில் பிறந்தது.

'கை' என்று தொடங்கும் நம் கூட்டுச்சொற்களையும் அப்படியே பெயர்க்க முடியாது. கையெழுத்துப் போடுவது 'ஃபீர்மா', கையெழுத்து அழகாக இருக்கிறது என்னும்போது 'லேத்ரா', கைக்குட்டை 'பன்யுவேலோ'. விமானத்தில் நம்மோடு எடுத்துப் போகும் பை மட்டும் 'எக்கிப்பாஹே தெ மானோ', காரின் ஹேண்ட் பிரேக் 'ஃப்ரேனோ தெ மானோ'. கடிகார முள்ளை ஆங்கிலத்தில் 'கை' என்பார்கள்; ஸ்பானிஷ் பேச்சில் அது 'மனெசீயா' அல்லது 'ஆகூஹா' (ஊசி).

விரலில் மட்டும் நிம்மதி. 'தேதோ' கைவிரலுக்கும் கால்விரலுக்கும் பொது, நம் 'விரல்' போலவே.

மூன்றாம் படி: 'என்' என்பதை விட்டுவிடுங்கள்

'கை கழுவினேன்' என்று சொல்லும்போது 'என் கையை' என்று நாம் சொல்வதில்லை. பிறகு யார் கையை? ஸ்பானிஷும் இதே போக்குத்தான்: 'மே லாவோ லாஸ் மானோஸ்'. 'மிஸ் மானோஸ்' (என் கைகள்) என்று சொல்வது ஆங்கிலத்திலிருந்து வரும் பிழை. அங்கிருக்கும் 'மே' கிட்டத்தட்ட நம் 'கொள்' செய்யும் வேலையைச் செய்கிறது: கை கழுவிக்கொள்கிறேன்.

இன்னொருவருக்குக் கழுவிவிட்டால்? 'லே லாவோ லாஸ் மானோஸ் அல் நின்யோ'. குழந்தைக்குக் கை கழுவிவிடுகிறேன். 'குழந்தையின் கையை' இல்லை, 'குழந்தைக்கு'. தமிழின் நான்காம் வேற்றுமை எங்கே வருகிறதோ அங்கே ஸ்பானிஷில் 'லே' வருகிறது.

வலிக்கும் இதே கதைதான். 'மே துவேலே லா மானோ'. மே: எனக்கு. துவேலே: வலிக்கிறது. லா மானோ: கை. 'எனக்குக் கை வலிக்கிறது' என்பதன் ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இந்த 'எனக்கு'வைப் பழக வாரக்கணக்கில் திணறுவார்கள். தமிழருக்கு அது தாய்ப்பால்.

ஒருமை பன்மையில்தான் கவனம் வேண்டும். நாம் இரண்டு கையைக் கழுவினாலும் 'கை' என்றே சொல்கிறோம். ஸ்பானிஷில் 'லாஸ் மானோஸ்' என்று பன்மை கட்டாயம். 'லா மானோ' என்றால் ஒரு கையை மட்டும் கழுவியதாகிவிடும். மாறாக, வகுப்பில் ஆசிரியர் முப்பது பேரைப் பார்த்து 'லெவாந்தென் லா மானோ' என்பார். ஆளுக்கு ஒரு கை, ஆகவே ஒருமை. 'லாஸ் மானோஸ்' என்றால் எல்லாரும் இரண்டு கையையும் தூக்க வேண்டும்.

நான்காம் படி: உடலை விட்டு வெளியே வந்த 'மானோ'

வழி சொல்வதிலிருந்து தொடங்குங்கள், முதல் நாளே பயன்படும். 'ஆ மானோ தெரேச்சா' என்றால் வலதுகைப் பக்கம், 'ஆ மானோ இஸ்கியேர்தா' என்றால் இடதுகைப் பக்கம். நம் ஊரில் சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, பீச்சாங்கைப் பக்கம் திரும்பு என்பார்களே, அதே முறை. அர்ஜென்டீனாவில் இது இன்னும் ஒரு படி போய்ச் சாலையின் போக்கையே குறிக்கும்: 'தோப்லே மானோ' இருவழிச் சாலை, 'மானோ ஊனிகா' ஒருவழி. எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவது 'ஆ கோந்த்ராமானோ'.

பெயின்ட் அடிப்பவர்களிடம் 'ஊனா மானோ தெ பிந்தூரா' என்றால் ஒரு கோட்டிங். சுவருக்குத் 'தோஸ் மானோஸ்' வேண்டும் என்றால் இரண்டு கோட்டிங். இங்கே ஒரு நுணுக்கம்: 'லா செகுந்தா மானோ' என்பது இரண்டாவது கோட்டிங், 'தெ செகுந்தா மானோ' என்பது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பொருள், நம் செகண்ட் ஹேண்ட். ஒரு சின்ன 'தெ' கார் விற்பனைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கிறது. 'தெ பிரிமேரா மானோ' கேட்டால் நேரடியாகத் தெரிந்துகொண்ட செய்தி என்று பொருள்.

வாழைப்பழத்தில் தமிழும் ஸ்பானிஷும் தோட்டத்து வேலையாட்கள் போலப் பேசிக்கொள்கின்றன. முழுத் தார் 'ராஸீமோ'. தாரிலிருந்து வெட்டி எடுக்கும் சீப்பு 'மானோ'. சீப்பில் உள்ள ஒவ்வொரு பழமும் 'தேதோ', அதாவது விரல். நாம் தலைவாரும் சீப்பைப் பார்த்தோம், அவர்கள் விரித்த கையைப் பார்த்தார்கள்.

காகிதக் கணக்கிலும் ஒரு 'மானோ' உண்டு: 25 தாள். இருபது 'மானோ' சேர்ந்தால் 500 தாள் கொண்ட ஒரு 'ரெஸ்மா'. நம் குயர், ரீம் போன்ற கணக்குத்தான். இன்று இதைக் கேட்பது அரிது.

மெக்ஸிக்கோவின் 'மெத்தாத்தே'யைப் பார்த்தால் தமிழருக்கு விளக்கமே தேவையில்லை. அது அம்மி. எரிமலைக் கல்லில் செதுக்கியது, மூன்று குட்டைக் கால்கள், பலகை முன்பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்கும். உயர்ந்த பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தைக் கல்லில் வைத்து, நீளமான உருளைக் கல்லை இரு முனையிலும் பிடித்து முன்னே தள்ளி அரைப்பார்கள். அந்த உருளைக் கல்லின் பெயர் 'மானோ'. நம் குழவி. அம்மிக்குக் குழவி பிள்ளை, மெத்தாத்தேவுக்கு அதுவே கை.

சீட்டாட்டத்தில் 'மானோ' என்றால் ஒரு ஆட்டம், அல்லது முதலில் ஆடும் உரிமை உள்ளவர். ஸ்பெயினின் 'முஸ்' ஆட்டத்தில் சீட்டுப் போடுபவருக்கு வலப்பக்கம் இருப்பவர் 'மானோ'. இரண்டு பேருக்கும் சமமாக வந்தால் வெற்றி 'மானோ'வுக்கு. ஆகவே 'சோய் மானோ' என்று ஒருவர் சொன்னால் அவர் கையைக் காட்டவில்லை, தன் உரிமையைச் சொல்கிறார்.

கால்பந்தில் வர்ணனையாளர் 'மானோ!' என்று கத்தினால் பந்து கையில் பட்டுவிட்டது. 1986 ஜூன் 22 அன்று மெக்ஸிக்கோ நகரத்தின் அஸ்தேக்கா அரங்கில், உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் தட்டிவிட்ட கோல் 'லா மானோ தெ தியோஸ்' (கடவுளின் கை) என்று பெயர் பெற்றது. 'மானோ' ஆணா பெண்ணா என்று எப்போதாவது சந்தேகம் வந்தால் இந்தத் தொடரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 'லா' மறக்காது.

ஐந்தாம் படி: முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள்

'மானோ'வின் பொருளைப் பாதி நேரம் தீர்மானிப்பது அதற்கு முன்னால் வரும் 'லா', 'ஊனா', 'ஆ', அல்லது ஒன்றுமே இல்லாத வெற்றிடம்.

தமிழில் 'கை கொடு' என்பது கை குலுக்குவதற்கும் உதவுவதற்கும் பொது. ஸ்பானிஷ் இரண்டையும் பிரிக்கும். 'தார் லா மானோ' கை குலுக்குவது, அல்லது சாலையைக் கடக்கும் குழந்தை கையைப் பிடித்துக்கொள்வது. 'தார் ஊனா மானோ' உதவி செய்வது. லத்தீன் அமெரிக்காவில் அதிகம் கேட்கலாம். ஸ்பெயினில் உதவிக்கு 'எச்சார் ஊனா மானோ' என்பார்கள்: '¿மே எச்சாஸ் ஊனா மானோ?' என்றால் கொஞ்சம் கை கொடுக்கிறாயா. வயதில் பெரியவரையோ அறிமுகமில்லாதவரையோ கேட்டால் '¿மே எச்சா ஊனா மானோ?'. நம் 'நீ, நீங்கள்' வேறுபாடு அந்த ஒரு 'ஸ்' எழுத்தில் இருக்கிறது. 'ஊனா'வை விட்டுவிட்டு 'எச்சார் மானோ தெ' என்றால் பொருள் மாறி, ஏதோ ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொள்வது என்றாகிவிடும்.

'ஆ மானோ'வுக்கு மூன்று பொருள். 'எச்சோ ஆ மானோ' கையால் செய்தது. கைவினைப் பொருள் கடைகளில் பலகையில் எழுதியிருக்கும். '¿தியேனெஸ் உன் லாப்பிஸ் ஆ மானோ?' கைக்கெட்டுகிற இடத்தில் பென்சில் இருக்கிறதா. மூன்றாவது லத்தீன் அமெரிக்க வழக்கு: 'எஸ்தாமோஸ் ஆ மானோ', உனக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. ஸ்பெயினில் இதற்கு 'எஸ்தாமோஸ் என் பாஸ்' என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'மெத்தேர் மானோ' என்று எந்தக் குட்டிச் சொல்லும் இல்லாமல் வந்தால் ஒரு வேலையில் இறங்குவது என்ற பொருளும் உண்டு. ஆளைக் குறித்துச் சொன்னால் தகாத இடத்தில் தொடுவது என்று ஆகும். புதிதாகப் பேசுபவர்கள் இதைப் பக்கத்திலேயே சேர்க்க வேண்டாம். 'கையைப் பிடித்துக்கொள்' என்பதற்கு ஸ்பெயினில் 'கோஹேர்' என்ற வினையைச் சாதாரணமாகச் சொல்வார்கள். மெக்ஸிக்கோ, அர்ஜென்டீனா போன்ற நாடுகளில் அது கொச்சை. 'தொமார் தெ லா மானோ' எங்கும் பாதுகாப்பானது.

ஆறாம் படி: மரபுத்தொடர்கள்

இங்கே மகிழ்ச்சியாக இருக்கும். ஒரு விஷயத்தைக் கைகழுவி விடுவது ஸ்பானிஷிலும் 'லவார்ஸே லாஸ் மானோஸ்'. நம்பிக்கைக்குரிய உதவியாளர் அங்கேயும் வலது கைதான், 'மானோ தெரேச்சா'. ஒருவர்மேல் கை ஓங்குவது 'லெவந்தார்லே லா மானோ'. விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதை 'ஒரு கை விரல்களால்' எண்ணலாம் என்பார்கள். பெண் கேட்பது 'பெதீர் லா மானோ', கையைக் கேட்பது. நாம் கைப்பிடிப்பது என்கிறோம்.

சமையலில் உப்பு கூடிவிட்டால் 'செ மே ஃபுவே லா மானோ கோன் லா சால்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உப்பில் எனக்குக் கை போய்விட்டது'. 'தெரியாமல் கை கூடிப்போச்சு' என்று நம் வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் இடைவெளியே இல்லை. செடி வைத்தால் தழைக்கும் கைராசிக்கும், சமையலில் கைப்பக்குவத்துக்கும் 'புவேனா மானோ' (நல்ல கை) என்பார்கள்.

கையும் களவுமாகப் பிடிபடுவது 'கோன் லாஸ் மானோஸ் என் லா மாஸா', கை பிசைந்த மாவுக்குள் இருக்கும்போதே. எட்டாத பலாப்பழத்துக்குக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்போம். அவர்கள் பறக்கும் நூறு பறவையைவிடக் கையிலிருக்கும் ஒன்று மேல் என்பார்கள்.

ஏமாற்றும் தொடர் ஒன்று: 'தெனேர் மானோ இஸ்கியேர்தா', இடது கை இருப்பது. நம் வழக்கில் இடது கையால் கொடுப்பது மரியாதைக் குறைவு என்பதால் இதை வசை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது பாராட்டு. சிக்கலான ஆட்களையும் சூழலையும் பதமாகக் கையாளத் தெரிந்தவர் என்று பொருள்.

செய்தித்தாளில் இரண்டு தொடர்கள் அடிக்கடி வரும். 'மானோ தெ ஓப்ரா' வேலையாட்கள், கூலி உழைப்பு. ரிப்பேர் ரசீதில் உதிரிபாக விலைக்குக் கீழே தனி வரியாக இருக்கும். 'மானோ தூரா' (கடினமான கை) குற்றங்கள்மீது இரும்புக்கரம். 2003இல் எல் சால்வதோர் அரசு குற்றக் கும்பல்களுக்கு எதிராகக் கொண்டுவந்த திட்டத்தின் பெயரே இதுதான்.

ஏழாம் படி: நாட்டுக்கு நாடு

'சின்னக் கை' என்பதற்கு ஸ்பெயினிலும் மெக்ஸிக்கோவிலும் 'லா மனீத்தா'. லத்தீன் அமெரிக்காவின் மற்ற பெரும்பகுதியில் 'லா மனீத்தோ'. ஓகாரத்தில் முடிந்தாலும் 'லா' போகாது. ஸ்பெயினில் 'உன் மனீத்தாஸ்' என்றால் வீட்டு ரிப்பேர் எல்லாம் தானே செய்யும் கைவேலைக்காரர், உணவுக்கடையில் 'மனீத்தாஸ் தெ சேர்தோ' என்றால் பன்றிக்கால். மெக்ஸிக்கோவில் ஒருவர் உங்களை 'மானோ' என்று கூப்பிட்டால் அது கையே இல்லை. சகோதரன் என்ற 'எர்மானோ'வின் வால், நம் 'மச்சி' மாதிரி.

பழகும் முறை

நோட்டில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் தமிழ் வாக்கியம், நடுவில் ஸ்பானிஷ், மூன்றாவதில் நாடு. ஒரு நாளைக்கு மூன்று தொடர் போதும். அதற்குமேல் போனால் 'லா', 'ஊனா' எல்லாம் கலந்துவிடும். தமிழைப் பார்த்து ஸ்பானிஷ் சொல்லிப் பழகுங்கள். ஸ்பானிஷைப் பார்த்துத் தமிழ் சொல்வது சுலபம், ஆனால் பேச்சுக்கு உதவாது.

1713இல் தொடங்கிய ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 'மானோ' பதிவு மிக நீளம், மேலிருந்து கீழாகப் படிக்காதீர்கள். முதலில் எண்ணிட்ட பொருள்கள், அதன்பின் தொடர்கள் அகரவரிசையில் இருக்கும். தொடருக்குப் பக்கத்தில் நாட்டின் சுருக்கக் குறி இருந்தால் அந்த நாட்டுக்காரரோடு மட்டும் பயன்படுத்துங்கள்.

பத்து நாள் கழித்து இந்த ஐந்தையும் நோட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். முழங்கைக்கு மேல் கை வலிக்கிறது: 'மே துவேலே எல் பிராஸோ'. சாப்பிடுமுன் கை கழுவு: 'லாவாத்தே லாஸ் மானோஸ் ஆந்தெஸ் தெ கொமேர்'. கொஞ்சம் கை கொடுக்கிறீர்களா: '¿மே எச்சா ஊனா மானோ?'. வங்கி இடதுகைப் பக்கம் இருக்கிறது: 'எல் பாங்கோ எஸ்தா ஆ மானோ இஸ்கியேர்தா'. முழுக்கைச் சட்டை: 'கமீஸா தெ மாங்கா லார்கா'. தடுமாறாமல் வந்துவிட்டால் அடுத்து 'பியே'வை எடுங்கள். அது கணுக்காலோடு முடியும். அதற்கு மேலே 'பியேர்னா'. தமிழில் இரண்டும் கால்.